கீழே ஆள் நிற்கும்போது

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மனிதர் வீட்டில்கூட யார் தலைக்கு மேலாகவும் எதையும் நீட்ட மாட்டார். தண்ணீர்ச் செம்பு கேட்டாலும் சுற்றிவந்துதான் கொடுப்பார். அதை நடித்துக்காட்டியே மச்சினன் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மனைவி அவரை விளையாட உட்காரவைத்தாள். அட்டையை வெட்டி ஒட்டி அவளே உண்டாக்கிய விளையாட்டு. பலகையில் கட்டம் கட்டமாக ஒரு துறைமுகம். மணற்கடிகாரத்தைக் கவிழ்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சரக்குக் கட்டைகளைக் கப்பலுக்குத் தள்ள வேண்டும். மணல் தீர்ந்தால் கையை எடுத்துவிட வேண்டும். விளையாட்டுக் கம்பெனி ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டது. ஜெயிக்கக் கை வேகமே போதுமாம், யோசிக்க ஒன்றுமில்லையாம். நாளைக்கு இன்னொரு தடவை பார்ப்பார்கள், அதுதான் கடைசி. புது ஆளுக்கு இது எப்படிப் படுகிறது என்று அவளுக்கு இன்றே தெரிந்தாக வேண்டும்.

மணல் இறங்கியது. மச்சினன் கோழி கிளறுவதுபோலத் தள்ளினான். கிரேன்காரருக்கு நெற்றி வியர்த்தது. நேரே போகும் வழியை விட்டு, ஊரைச் சுற்றிக் கட்டையை நகர்த்தினார்.

"மாமா, கப்பல் கிளம்பி அடுத்த நாட்டுக்கே போயிடுச்சு."

மணல் தீர்ந்தது. அவர் ஒரு கட்டைகூடச் சேர்க்கவில்லை.

"புரியலையாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"புரியுதே."

"அப்புறம் ஏன் சுத்துறீங்க?"

சில கட்டங்களில் அவள் ஒட்டியிருந்த குட்டி பொம்மைகளைக் காட்டினார். "கீழ ஆள் நிக்குது. தலைக்கு மேல சரக்கை எப்படிக் கொண்டுபோறது?"

"அது சும்மா அழகுக்குங்க."

"எதுக்கோ. நிக்கிறாங்கல்ல?"

சிரிக்க வாய் திறந்த மச்சினன் அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவள் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள்.

"கெடுத்துட்டேனா?" என்றார் மெதுவாக.

அவள் எல்லாவற்றையும் பிய்த்து, ஒட்டாமல் திரும்ப நிறுத்தினாள்.

"இனிமே ஆள் நிக்கிற கட்டத்துமேல யாரும் போகக் கூடாது. ஆனா ஒரு கட்டையைச் சேர்த்தா, ஒரு ஆளை எங்க வேணா நகர்த்தலாம்."

கடிகாரத்தைக் கவிழ்த்தாள். கிரேன்காரர் நிதானமாக ஒரு கட்டையைச் சேர்த்தார். ஒரு பொம்மையை எடுத்து மச்சினன் வழிக்குக் குறுக்கே வைத்தார்.

"மாமா, இது அநியாயம்."

"யோசிச்சு வா மாப்ளே."

மணல் பாதி இறங்கியும் மச்சினனின் விரல் கட்டைமேல் அப்படியே நின்றது; கண்கள் பலகையில் வழி தேடின. அவள் மூச்சுவிடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.