அம்மாவின் முட்டுவலியும் என் ஞானஸ்நானமும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்தச் சங்கதியே வெளியே வந்தது.

என் மச்சான், மனைவியின் அண்ணன், பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர். புதுக்கடையில் கடை வைத்திருக்கிறார். ஆற்றில் முங்கி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து என்னைக் கண்டாலே, "கைக்குழந்த தலையில நாலு சொட்டு தெளிச்சா அது ஞானஸ்நானமா? ஒமக்கு ரட்சிப்பு உண்டுமா வே?" என்று தொடங்கிவிடுவார். நான் விடுவேனா? மூன்று முறை சபைச் செயலராக இருந்தவன். "எனக்க பேரு சபை ரிஜிஸ்டர்ல கெடக்கு. படம் பிடிச்சு அனுப்புதேன், பாத்துட்டு வாயத் தொறக்காம, மிண்டாம இரும்" என்று சவால் விட்டேன்.

மறுநாளே எங்கள் சபைக் கோயில் அலமாரியைத் திறந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். என் பெயர் இருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரி. தேதி மட்டும் நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தியது.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து இறந்தது தெரியும். எங்கள் வீட்டில் தாத்தா பெயர் மூத்தவனுக்கு. அவன் போனதும் அதே பெயரை எனக்கு இட்டார்கள். அப்படியென்றால் இது அண்ணனின் ஞானஸ்நானம். பின்பக்கங்களையெல்லாம் புரட்டினேன். என்னுடையது இல்லை. பெயரைப் பார்த்தவர்கள் தேதியைப் பார்க்காமலே, ஞானஸ்நானம் எடுத்தவனுக்கே உரிய திடப்படுத்தலையும் நற்கருணையையும் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கேட்டதும், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவனுக்கு ஐப்பசி மழையில ஞானஸ்நானம் கொடுத்தோம் மக்கா. மூணாம் நாளு காய்ச்சலு, எட்டாம் நாளு போயிட்டான். ஒன்னையும் அந்தத் தண்ணிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல்ல. ஒங்க அப்பா மலையில ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தாரு. வந்தப்போ எல்லாம் முடிஞ்சுன்னு சொல்லிட்டேன்."

பிறகு உடைந்து அழுதாள். "நீ இப்படியே செத்துட்டா ஒனக்கு மோட்சம் இல்லாமப் போவுமே. நான்லா ஒன்னக் கெடுத்தேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நற்கருணைக்கு எல்லாரும் எழுந்து போகும்போது அம்மா மட்டும் முட்டுவலி என்று உட்கார்ந்திருப்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அந்த முட்டுவலி உண்டு. சந்தைக்கு நடக்கும்போது மட்டும் வராது. இந்தக் குற்றத்தோடு நற்கருணை வாங்கக்கூடாது என்று இருந்திருக்கிறாள். பாவி நான், முட்டுவலியைச் சொல்லி எத்தனை கேலி பண்ணியிருக்கிறேன்!

போதகரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயதுக்காரர்.

"ரட்சிக்கது தண்ணியில்லம்மா, கிறிஸ்து," என்றார். "ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில கெடந்த கள்ளனுக்கு ஆரு ஞானஸ்நானம் கொடுத்தா? அவன் அண்ணைக்கே பரதீசு போவல்லியா? 'இவன் எனக்க பிள்ள'ன்னு ஆண்டவர் ஊரறியச் சொல்லுததுதான் ஞானஸ்நானம். ஒங்க மகன அவர் ஒருநாளும் விட்டுடல்ல. இனி ஊரறியச் சொல்லிருவோம்."

மச்சான் விடுவாரா? "ஆத்துக்கு வாரும் வே, நல்லா முக்கி எடுப்போம்" என்று குதித்துக்கொண்டு வந்தார். அம்மா, "ஆறா? நாலு சொட்டுக்கே எனக்கு ஈரக்குலை நடுங்குது" என்றாள். மனுஷன் அதோடு அடங்கிவிட்டார்.

அந்த ஞாயிறு மூன்று கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம். நாலாவதாக நான், ஐம்பத்தாறு வயது, வழுக்கைத்தலை. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போதகர் கேட்ட கேள்விகளுக்குக் குழந்தைகள் சார்பில் பெற்றவர்கள் பதில் சொன்னார்கள். என் முறை வந்ததும் "விசுவாசிக்கிறேன்" என்று நானே சொன்னேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று கை தண்ணீர். வழுக்கையில் நிற்காமல் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. குழந்தைகள் மூன்றும் சமர்த்தாக இருக்க, நான்தான் அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம்!

போதகர் கையை எடுப்பதற்குள் அம்மா எழுந்து வந்துவிட்டாள். முந்தானையால் என் தலையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். காதுமடல், பின்கழுத்து, ஓரிடம் விடவில்லை. போதகர் காத்து நின்றார். கடைசி வரிசையிலிருந்து மச்சான் "அல்லேலூயா!" என்று கோயில் அதிரக் கத்தினார்.

பிறகு நற்கருணை. யாரும் எழுவதற்கு முன்னால் அம்மா எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, முட்டு வலிக்கல்லியா?"

"மிண்டாம நட மக்கா," என்றாள்.