யாரும் கூப்பிடாத நாட்கள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஃபயர் சர்வீஸ்’ என்று பெயர். டெவ்ஆப்ஸ் வேலை. புரோகிராமர்கள் எழுதியதைச் சர்வரில் ஏற்றுவது, ஏற்றியது படுத்துக்கொண்டால் தட்டி எழுப்புவது, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே லேப்டாப் திறந்திருக்கும். அலுத்துக்கொண்டாலும் அந்த ஓட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது.

டீம்கள் பெருகின, ஒருத்தியால் எத்தனை பக்கம் ஓட முடியும்? மேனேஜர் அவளைப் புதிதாகத் தொடங்கிய பிளாட்பார்ம் டீமுக்கு மாற்றினார். இனி அவள் யாருக்கும் ஏற்றித் தர வேண்டாம். அவரவர் தாங்களே ஏற்றிக்கொள்ள ஒரு பொதுத் தளம் கட்டித் தந்தால் போதும்.

கட்டினாள். போன் அடங்கியது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சும்மா சும்மா போனை எடுத்துப் பார்த்தாள்.

“சார்ஜ் இருக்கு, சிக்னலும் இருக்கு. உன்னைத்தான் யாரும் தேடல,” என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவர் மட்டும் தேடினார். பில்லிங் டீமின் மூத்த புரோகிராமர், எல்லோருக்கும் சித்தப்பா. புதுத் தளத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, நீயே ஏற்றிவிடம்மா என்பார். யாருக்கும் தெரியாமல் பழைய வழியில் ஏற்றிக்கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் கைப் பரபரப்பு அடங்கும்.

மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. “நீயே செஞ்சு குடுத்துட்டு இருந்தா, நாம கட்டினதுல எங்க கோளாறுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் சித்தப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவரையே ஏற்றச் சொன்னாள். கை துறுதுறுத்தது, தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். தளத்தின் முதல் பக்கத்திலேயே அவர் நின்றுவிட்டார். எந்த சர்வர், எவ்வளவு மெமரி, எந்த நெட்வொர்க் என்று வரிசையாகக் கேள்விகள்.

“இதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்?”

தனக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கே தெரியும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

அந்த வாரம் முழுக்கக் கேள்விகளை வெட்டித் தள்ளினாள். தளம் தானே தீர்மானிக்கக்கூடியதைத் தளத்திடமே விட்டாள். எந்த புரோகிராம், எப்போது ஏற்றுவது, அவ்வளவுதான் மிஞ்சியது.

பிறகு சித்தப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. பொறுக்கமாட்டாமல் காபி மெஷின் அருகே அவரைப் பிடித்து, எப்போது ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

“காலையிலயே ஏத்தியாச்சேம்மா,” என்று கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே எங்கோ சுருக்கென்றும் இருந்தது. தன் இடத்துக்குத் திரும்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தாள். பிறகு கோடியில் இருந்த இன்னொரு டீமிடம் போய், “நீங்க ஏத்தறப்போ நான் பக்கத்துல உக்காந்து பாக்கலாமா?” என்று கேட்டாள்.