உம் கொட்டும் முக்காலி

எங்கள் விடுதிக் கூடத்தில் ஒரு முக்காலி இருக்கிறது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அடியில் கொட்டாங்கச்சித் துண்டு கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் உறுமியும் பாட்டும் முடிந்து கதை தொடங்கும்போது, தங்க வந்தவர்களில் ஒருவர் அதில் உட்கார்ந்து உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். எங்கள் தேவாரம் ஊர்ப் பக்கம் கதை கேட்பது அப்படித்தான். அந்த இடத்துக்கு விருந்தாளிகள் போட்டி போடுவார்கள். நான் அதைக் கொண்டுவந்து போட்டது ஒரே ஒருவருக்காக.

இந்த விடுதிக்கு முன் போடி மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் அறை பெருக்கி, படுக்கை விரிக்கும் வேலையில் இருந்தேன். அங்கிருந்த மேனேஜரைத்தான் சொல்கிறேன். ஒருநாள் தங்கியிருந்த அம்மாவின் மோதிரம் காணவில்லை. மேனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் இந்த முக்காலி மேல் என் பையைக் கவிழ்த்தார். மாற்றுச் சேலை, தலைவலித் தைலம், மகளுக்கென்று எடுத்துவைத்த இரண்டு பிஸ்கட், விலக்கு நாளுக்கான துணி. ஒவ்வொன்றையும் பேனாவால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதுகள உள்ள விட்டதே தப்பு" என்றார். மோதிரம் இல்லை. இருந்தும் அன்றைக்கே என்னை மலையிலிருந்து இறக்கிவிட்டார்.

மறுநாளே அந்த அம்மா போன் செய்து, மோதிரம் கிடைத்துவிட்டது, இன்ன இடத்தில் இருந்தது என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மேனேஜர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற சமையல்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும், அதுவும் ஊரெல்லாம் என்னைத் திருடி என்று பேசி ஓய்ந்த பிறகு. எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆள் வாயாலேயே, நாலு பேர் கேட்க, அது வர வேண்டும் என்று வெறிதான் வந்தது. பங்களாவை மூடிப் பழைய சாமான்களை விற்றபோது போய் முக்காலியை மட்டும் தூக்கி வந்தேன்.

போன மாசியில் அந்த மேனேஜரே மனைவியோடு இங்கே வந்து இறங்கினார். என்னை அடையாளம் தெரியவில்லை. பெருக்குகிறவள் முகத்தை அவர் எப்போது பார்த்தார். "இன்னிக்கு சார்தான் உம் கொட்டணும்" என்றேன். சந்தோஷமாக உட்கார்ந்தார். அன்று கதையை நானே சொன்னேன். ஓர் ஊரில் ஓர் அரண்மனை. உம். அங்கே பெருக்குகிற ஒருத்தி. உம். ராணியின் மோதிரம் காணாமல் போனது. உம். அரண்மனைக் காரியக்காரர் அவள் பையை ஒரு முக்காலி மேல் கவிழ்த்தார். தைலம், இரண்டு பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். உம் நின்றது. நானும் நிறுத்தினேன்.

"உம் கொட்டுங்க சார், கதை நிக்கிதுல்ல" என்றார் உறுமிக்காரர்.

மேனேஜர் மனைவிக்கும் பொறுக்கவில்லை. "மோதிரம் கெடச்சுச்சா இல்லையான்னு தெரிய வேணாமா? சும்மா ஒக்காந்திருக்கீக."

"அதான் சோப்பு டப்பாக்குள்ளயே கெடந்துச்சே" என்று மேனேஜர் எரிந்து விழுந்தார். "கதைய முடிங்கம்மா."

மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "அவுக இன்னும் அதச் சொல்லவே இல்லையே. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கதையை மேலே சொல்லவில்லை, உம் வரவில்லையே. காலையில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். மனசு ஆறியதா என்றால், பாதிதான் ஆறியது.

முக்காலியை அடுப்பில் வைத்துவிடச் சொல்கிறாள் மகள். மாட்டேன். இப்போது வருகிறவர்கள் அந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். முன்பு காரியக்காரருக்குப் பேர் கிடையாது. இப்போது உண்டு, அவருடைய சொந்தப் பேர்தான். இங்கே எழுத மாட்டேன். முக்காலியில் உட்கார்ந்து உம் கொட்டுகிறவர்களுக்குச் சொல்வேன்.