நடுவில் ஒரு ‘லி’

புவனகிரியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் சந்திரலேகாவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். ‘அனாருடி, அலிருடி, அட்டாருடி.’ ஏதோ சுலோகம் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சிதம்பரம் வருவதற்குள் ஒரு வினைச்சொல்லை முக்காலத்துக்கும் திருப்பிவிடுவாள்.

வேலை மேலவீதி ஜெராக்ஸ் கடையில். வீணான தாள்களின் பின்பக்கமெல்லாம் தமிழ் எழுத்தில் சுவாஹிலி. யூடியூப்தான் வாத்தியார். “நம்ம பாஷையில ஆளு கடைசியில வருவான். அங்க ஆளு மொதல்ல, காலம் நடுவுல. ‘நா’ போட்டா திரும்பி வரான், ‘லி’ போட்டா வந்தான், ‘ட்டா’ போட்டா வருவான்,” என்று கடைக்காரர் உத்திராபதிக்கு ஒருநாள் விளக்கினாள். அவர் மெஷினுக்குப் பேப்பர் வைக்கப் போய்விட்டார்.

கணவன் இளவரசு முந்திரி ஃபேக்டரி மெக்கானிக்காகத் தான்சானியா போய் ஆறு வருஷம். இரண்டு வருஷமாக அவன் போனை ஒரு பெண்தான் எடுக்கிறாள். சுவாஹிலி தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. முதல் நாள் அவள் பேசியதில் சந்திரலேகாவுக்குப் புரிந்தது இளவரசு என்ற பெயர் மட்டும். அதை அவள் உச்சரித்த உரிமையும் புரிந்தது. மறுநாளே படிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கண் மங்கிய மாமியார் தில்லையம்மாள், அந்தப் பொம்பளை என்னதான் சொல்கிறாள் என்று தினமும் கேட்பாள். இன்னும் சரியாகப் புரியவில்லை என்பாள் மருமகள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து போன் போட்டாள். அவன் எப்போது திரும்பி வருவான் என்று எழுத்துப் பிசகாமல் கேட்டாள். அந்தப் பக்கம் குழந்தை ஒன்று சிணுங்கியது.

“ஹட்டாருடி,” என்றாள் அந்தப் பெண். வரமாட்டான்.

தாளைப் பார்க்காமலே புரிந்தது. பிறகு அந்தப் பெண், நீ யார் என்று கேட்டாள். ‘நான் அவன் மனைவி’ என்பதைப் பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள் சந்திரலேகா. இப்போது நடுவில் ‘லி’ போட்டாள்.

“நிலிகுவா ம்கே வாக்கே.” அவன் மனைவியாக இருந்தேன்.

“போலே, டாடா,” என்றாள் அந்தப் பெண். வருத்தமாயிருக்கிறது, அக்கா என்று அர்த்தம்.

சாயங்காலம் தில்லையம்மாள் தட்டின் முன் உட்கார்ந்தபடி கேட்டாள்: “எம்புள்ள எப்ப வரானாம்?”

“லைன் கெடைக்கல அத்த,” என்றாள் சந்திரலேகா. குழம்பிலிருந்து மீன் துண்டை எடுத்து, விரலால் தடவித் தடவி முள்ளை நீக்கி, கிழவியின் சோற்றோரம் வைத்தாள்.