ஓரகத்தி எடுத்த கிரகணம்

“மூச்சை இழுத்துப் புடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்” என்று ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, எக்ஸ்ரே அக்காவுக்கு அது வாயோடு ஒட்டிக்கொண்டது. பொங்கி வரும் பாலையும் “அசையாதே” என்றுதான் அதட்டுகிறாள். நிலாவுக்கும் அதே உத்தரவு.

நிலாவைப் படமெடுக்க மொட்டைமாடியில் கேமரா முக்காலியை நிறுத்தி, காற்றுக்கு ஆடாமலிருக்க நடுத்தண்டில் ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிடுவாள். தூரத்து டவர் விளக்கைப் பார்த்து லென்ஸைத் திருகி, நகராதபடி ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டுவாள். யாராவது பக்கத்தில் நடந்தால் போச்சு. “தரை அதிருது, அங்கயே நில்லுங்க!” கட்டிய கணவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடியேறுவார்.

இத்தனை கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு வியாதி, ஓரகத்தி. கொழுந்தனாரின் மனைவி, கீழ்வீட்டுக்காரி. அவள் போனைத் தூக்கி எதை எடுத்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதயமாகக் கொட்டும். அக்காவின் நிலாப் படத்துக்கு மாமனாரின் கட்டைவிரல் ஒன்றுதான்.

“காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை! ஃபோக்கஸ்னா என்னன்னு தெரியுமா அவளுக்கு?”

“நல்லாத்தானே இருக்கு” என்பார் கணவர். அன்று அவருக்குக் காப்பி ஆறிப்போய்த்தான் வரும்.

போன மாதக் கிரகணத்துக்கு லீவே போட்டாள். நிலா ஓரத்திலிருந்து கடிபட்டுக் குறைவதை ஒன்றுவிடாமல் எடுத்தாள். முழுதும் மறைந்து செம்பு நிறமாக மாறும் நேரம்தான் முக்கியம். வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் சில நொடி திறந்தே இருக்கவேண்டும். வீடே வாயைப் பிளக்கப்போகிற படம். “அசையாதே” என்று கேமராவின் ஒயர் சுவிட்சை அமுக்கினாள்.

பக்கத்தில் ‘க்ளிக்’ என்றது. பூனைபோல் வந்திருந்தாள் ஓரகத்தி. எதை எடுக்கிறாள் இவள்? அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வெடுக்கென்று திரும்பியதில் முழங்கால் வாளியில் இடித்தது. கேமரா ஆடியது. திரையில் நிலா மூன்றாக இழுபட்டுக் கிடந்தது. இன்னொன்று எடுப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

“நீ ஏம்மா இப்ப வந்த?”

“செருப்பக்கூடக் கழட்டிட்டுத்தான் வந்தேன்க்கா...”

கீழே இறங்குவதற்குள் ஓரகத்தியின் படம் குழுவுக்கு வந்துவிட்டது. கேமராவில் குனிந்திருக்கும் அக்கா, தலைக்கு மேலே சிவந்த நிலா. ‘எங்க அக்கா மாதிரி யாரு இருக்கா!’ என்று ஒரு வரி வேறு. மாமனாரே மூன்று இதயம் போட்டிருந்தார். அக்காவுக்கு வயிறு எரிந்தது. படம் நன்றாக வந்திருந்ததுதான் பெரிய எரிச்சல். தன் முகத்தை இவ்வளவு அழகாக அவள் எங்கும் பார்த்ததில்லை.

மறுநாள் பஸ்ஸில் அந்தப் படத்தையே வாட்ஸ்அப்பில் தன் பெயருக்குப் பக்கத்துச் சின்ன வட்டத்தில் வைத்தாள். வைக்குமுன் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, நிலாவை மட்டும் வட்டத்துக்கு வெளியே தள்ளினாள்.