ரூட்டருக்கு வைத்த சந்தனம்

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி எங்கள் வீடு. நான் இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலையில் பராமரிப்பு ஃபிட்டர். மெஷினுக்கு எண்ணெய் விட மறந்த ஆள் எவனானாலும் என்னிடம் அர்ச்சனை வாங்காமல் வீடு போக முடியாது. அப்பேர்ப்பட்ட புலி நான்!

வீட்டில் புலி தூங்கிவிடும். அலமாரி மேல் நின்ற இன்டர்நெட் ரூட்டருக்கு அதை வாங்கிய நாளிலிருந்து நான் செய்த ஒரே பராமரிப்பு, வருஷா வருஷம் பூஜையன்று சந்தனம், குங்குமம். அந்த வருஷம் பக்தி முற்றி, ஆன்டெனாவில் எலுமிச்சம்பழம் வேறு குத்தியிருந்தேன்.

என் மனைவி தனியார் கிளினிக்கில் நர்ஸ். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். போனில் தளத்தைத் திறந்ததும் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது.

"இன்னாங்க, பாதுகாப்பு இல்லன்னு சொல்து?"

"அது அப்படித்தான் பூச்சி காட்டும். நீ மேல போ" என்றேன், ஏதோ இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

போனாள். அரசுத் தளத்தின் அதே முத்திரை, அதே நிறம். ஆனால் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண்ணைக் கேட்டது.

"நர்ஸ் வேலைக்கு எதுக்கு ரகசிய நம்பரு?"

"கவர்மென்ட்டுன்னா ஆயிரம் கேப்பான்" என்று சொல்லிக்கொண்டே நான் பர்ஸிலிருந்து கார்டை உருவிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வைஃபையை அணைத்துவிட்டு, சிம் இன்டர்நெட்டில் அதே முகவரியைத் திறந்தாள். எச்சரிக்கையும் இல்லை, கார்டும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் சிக்னல் நொண்டி. சான்றிதழ் ஏறாமல் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி வைஃபை, மறுபடி ரகசிய எண். என் போனிலும் அதே கதை.

எனக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகமானது. முகவரி ஒன்று, பக்கம் இரண்டு! இரண்டு போனும் ஒரே மாதிரி பொய் சொல்கின்றன என்றால், பேய் அந்த எலுமிச்சம்பழத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுத்த கம்பெனித் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ண்ணா, ரூட்டருக்குள்ளயும் ஒரு சாப்ட்வேர் ஓடிக்கினு இருக்கும். அதுல ஓட்டை தெரிஞ்சா கம்பெனிக்காரன் அடைச்சு அப்டேட் வுடுவான். நீ என்னிக்காவது போட்டியா?"

"சந்தனம் வெச்சேன்பா."

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமானது. "எவனோ அந்த ஓட்டைல பூந்து வழிய மாத்தி வுட்டுக்கிறான். நம்ம பக்கத்து ஆரணின்னு ஏறுனா ஊத்துக்கோட்டைல எறக்கி வுட்ற ஷேர் ஆட்டோ மாதிரி. பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும் பாரு, குண்டூசியால அழுத்திப் புடி. எல்லாம் அழிஞ்சிரும். புதுசா செட் பண்ணிக்கலாம்."

தேடினேன். ஓட்டையே இல்லை. "எங்க மாடல்ல அது கெடையாதுப்பா" என்று அடித்துச் சொன்னேன். மனைவி ரூட்டரை வாங்கித் திருப்பினாள். முதுகில், நான் வருஷா வருஷம் கையை விட்டுப் பார்க்காமலே தடவிய சந்தனம் காய்ந்து கட்டியாக அப்பியிருந்தது. திருடன் வரும் ஓட்டையைத் திறந்து போட்டுவிட்டு, அவனைத் துரத்தும் ஓட்டையைப் பக்தியோடு பூசி மெழுகியிருக்கிறேன்!

தாலிச் சரட்டில் இருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். "கம்பெனில மெஷினுக்கும் இப்படித்தான் பூசினு இருக்கியா?"

தம்பி போனில் சொல்லச் சொல்லச் செய்தோம். பழைய அமைப்பை அழித்தோம், புது அப்டேட் ஏற்றினோம், யாரும் ஊகிக்கக்கூடிய பழைய கடவுச்சொல்லை மாற்றினோம். "இதுக்கப்புறம் கம்பெனிக்காரன் அப்டேட் வுட்றத நிறுத்திட்டான்னா டப்பாவையே மாத்திருண்ணா" என்றான். மறுபடி தளத்தைத் திறந்தாள். அது பெயரைத்தான் முதலில் கேட்டது. சாயங்காலத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. வேலை இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம்.

இந்த வருஷப் பூஜையில் சந்தனக் கிண்ணத்தோடு ரூட்டர் பக்கம் போனேன். மனைவி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள்: "அப்டேட் பார்த்தாச்சா?" பார்த்தேன், ஒன்று வந்து காத்திருந்தது. போட்டு முடித்த பிறகுதான் கிண்ணம் கைக்கு வந்தது, அதுவும் முன்பக்கத்துக்கு மட்டும். கும்பிடும் பொருளை வருஷத்துக்கு ஒரு முறையாவது திருப்பியும் பார்க்க வேண்டும் என்பது, மெஷினோடு பிழைக்கும் எனக்கு ஒரு சந்தனக் கட்டியைச் சுரண்டிய பிறகுதான் விளங்கியது.