பட்டை உரித்த மரத்தில் ஒரு தொட்டில்

பச்சைக் கொழுந்து வாடும்போது ஒரு வாசம் வரும், பழுக்கப்போகும் கொய்யாவும் நனைந்த புல்லும் சேர்ந்தாற்போல. அப்பாவின் ‘தொட்டில்’ முழுக்க அந்த வாசம்தான். எழுபதுகளில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தை வாடப்போடும் சாக்குத்துணி கிழிந்தால் தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள். அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டு முனையிலும் இயந்திரத்தின் பழைய ‘பெல்ட்’டை முடிந்து, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளுக்குப் பின்னாலிருந்த சில்வர் ஓக் மரங்களில் கட்டித் தூங்குவார்.

அவருக்கு ராத்திரி வேலை. பகலில் லயத்துக்குள் தூங்குவது நடக்காத காரியம். ஒரு வீட்டில் அம்மி அரைத்தால் ஆறு வீட்டுச் சுவரும் அதிரும். கொழுந்து உருட்டும் இயந்திரம் கண் அசந்தவன் கையைக் கேட்கும் என்று அப்பாவே சொல்வார். அம்மா விடிந்தால் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். அதனால் கோடை விடுமுறையில் அவர் தூக்கத்துக்கு நான் காவல். பத்து வயதில் கிடைத்த அதிகாரம் தலைக்கேறிவிட்டது; சேவலைக்கூட விரட்டினேன். “மாடசாமி அண்ணனுக்குத் தொட்டில் கட்டியாச்சு, யாராச்சும் தாலாட்டுப் பாடுங்கட்டி” என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வாள்.

ஒரே தொல்லை, தலைமாட்டு மரத்தில் பெல்ட் வழுக்கி வழுக்கி இறங்கும்; தலை தரையில் இடித்து அப்பா விழித்துக்கொள்வார். நாலு எட்டுத் தள்ளி நான் வேறொரு மரத்தைக் கண்டுபிடித்தேன். அதன் பட்டையை யாரோ ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் உரித்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் பெல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே இலையும் இல்லாததால், அந்தக் குளிரில் வெயில் இதமாக அப்பா மேல் விழுந்தது. “கெட்டிக்காரிட்டி நீ” என்றார். தொழிற்சாலைக்குள்ளேயே காலம் தள்ளியவர்; மலையில் மரங்களுக்கு என்ன செய்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

நாலாம் நாள், சோற்றுத் தூக்கை மறந்துபோன அம்மா உச்சிப்பொழுதில் வீட்டுக்கு வந்தாள். தொட்டில் கட்டியிருந்த மரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று. என்னைத் தள்ளிப்போகச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, அப்பாவின் பாதத்தைத் தொட்டு, “ஏங்க, ஆடாம மெல்ல எறங்குங்க” என்றாள். அவர் இறங்கித் தூர வந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து திட்டினாள்.

“பட்டைய உரிச்சு விட்டா மரம் நின்ன நெலையிலயே சாகும், வேரு இத்துப்போகும், பொறவு வெட்டுவாக. இதுல போயா கட்டுவீக?”

நான்தான் காட்டினேன் என்று அழுதேன். “நான் சொன்னாத்தான ஒனக்குத் தெரியும்” என்று என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் வேலைக்குத் திரும்பவில்லை. அப்பாவை உள்ளே படுக்கவைத்து, வாசலில் நின்று லயம் முழுவதையும் வாயடைக்க வைத்தாள். அத்தைகூட அம்மியைத் தொடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஒங்கப்பா வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாரு, பாரு. இத்தன வருசத்துல பகல்ல இன்னைக்குத்தாண்டி பாக்கேன்” என்றாள். அதற்கு மூன்றாம் நாள் காற்றில் அந்த மரம் சாய்ந்தது, தொட்டில் கிடந்த பக்கமாகவே.

இப்போது லயமும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. அந்தச் சரிவில் ஒரு விடுதி இருக்கிறது. மரத்துக்கு மரம் நைலான் தொட்டில். போன மாதம் பேத்தியோடு போயிருந்தபோது, அவளை ஏற்றுமுன் இரண்டு மரங்களையும் சுற்றிவந்து பட்டையைத் தடவிப் பார்த்தேன். எங்கும் முழுசாக இருந்தது. படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு. கூப்பிட்டுக் காட்டத்தான் அம்மா இல்லை.